மங்கலத்தின் சுருதியும் வீட்டுக்கு வந்த லினக்ஸும்

சிதம்பரத்தில் எங்கள் தெருவில் மங்கலத்தின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. சிவப்ரியா நடத்துகிற நாட்டியப் பள்ளிக்குப் பாட்டு அவள்தான். நான் பொன்னி, அதே பள்ளிக்கு நாட்டிய உடை தைக்கிறவள். விசிறி மடிப்பு எடுத்துக்கொண்டே வருஷக்கணக்காக அவள் பாட்டைக் கேட்டிருக்கிறேன். அதனால் அவள் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மங்கலம் பெண்ணாடத்துக்காரி. அப்பாவுக்கு சர்க்கரை ஆலையில் வேலை. ஆலைச் சங்குக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்த தொண்டை இது என்று சொல்லிச் சிரிப்பாள். ஆர்மோனியத்தில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். எண் ஏற ஏறக் குரலும் ஏறும். அவளுக்கு ஐந்து கட்டை. 2007-இல் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் மட்டும் இறங்கி, நாலு கட்டையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

சிவப்ரியா கெட்டவள் இல்லை. "நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா, பழைய ரெக்கார்டிங்தான் இருக்கே" என்றாள். மங்கலத்தின் பழைய குரலுக்குப் பிள்ளைகள் ஆட, மங்கலம் வீட்டில் உட்கார்ந்து பாட்டுகளுக்கு ஸ்வரம் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். 2009 சிவராத்திரி நாட்டியாஞ்சலிக்கு ஒரு புதுப் பதம் ஆட வேண்டும் என்று சிவப்ரியாவுக்கு ஆசை வந்தது. பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பாடகியைக் கூப்பிடலாமா என்று என்னிடமே கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. விஷயம் மங்கலத்தின் காதுக்குப் போனது. அவள் நேராக வந்து நின்றாள்.

"ஒரே ஒரு தடவ பாடி ரெக்கார்ட் பண்ணித் தர்றேன் சிவா. கேட்டுட்டு அப்பறம் யார வேணா கூப்புடு."

அது சரிப்படவில்லை என்றால் இனி யாருக்கும் பாடப்போவதில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

மின்விசிறியை அணைத்துவிட்டு, வேர்த்து ஊற்ற, வீட்டுக் கம்ப்யூட்டரில் பாடி முடித்தாள். முடித்தவள் அதைப் போட்டுக் கேட்கவே இல்லை. பயம். அதே வாரம் நாட்டியப் பிள்ளைகள் கொண்டுவந்த பென்டிரைவ்களின் வைரஸ் எல்லாம் சேர்ந்து அந்த மெஷினைப் படுக்கப் போட்டது.

அவள் வீட்டுக்காரர் திருநாவுக்கரசு கடலூரில் ஒரு ஆபீசுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர். கூட வேலை பார்க்கிற அந்தோணிசாமி, தன் சர்ச் பாடகர் குழுவுக்கு நொட்டேஷன் எழுதுவது, பாட்டுப் பதிவது எல்லாமே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில்தான் என்று சொல்லி அதன் சீடியைக் கொடுத்தார். நம் ஆளுக்குக் கேட்க வேண்டுமா? அந்த ஞாயிற்றுக்கிழமையே பாட்டு ஃபைல்களைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, விண்டோஸைக் கழற்றிவிட்டு லினக்ஸைப் போட்டுவிட்டார்.

முதலில் போனது ஸ்வரங்கள். மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலில் புள்ளி என்று அவள் பார்த்துப் பார்த்து அடித்ததெல்லாம் பழைய ஃபாண்ட்டில். புதியதில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது.

"ஏங்க, இதுக்கு அந்த வைரஸே தேவலீங்க" என்றாள் மங்கலம், அடுக்களைக்குத் திரும்பிக்கொண்டே.

"ஃபாண்ட்டு மாத்திக்கலாம் மங்கலம். அவசரப்படாத. இந்தப் பாட்டக் கேளு."

பாட்டு வந்தது. நான் ரவிக்கை அளவு சரிபார்க்க அங்கே போயிருந்தேன். கணீரென்று ஒரு குரல். தெளிவு, ஏற்றம், எல்லாம் பழைய மங்கலம். அவள் கரண்டியோடு அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"எங்கொரலுங்க! பொன்னி, எங்கொரலுடி!"

"பாத்தியா? இத்தினி நாளா அந்த விண்டோஸ் உன் கொரல அமுக்கி வச்சிருந்துருக்கு" என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டு. அவர் ஒரு விவரம் தெரிந்தவர் என்று நாங்கள் நம்பின காலம் அது. குரல் திரும்பிவிட்டது என்று மங்கலம் அழுதாள். நானும் அழுதேன், பொய் சொல்வானேன்.

அந்தப் பாட்டைச் சீடியில் போட்டுக் கொடுத்தார். கேட்ட சிவப்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. பாண்டிச்சேரிப் பேச்சையே விட்டுவிட்டாள். மறுநாளே சீடியைப் போட்டு ஒத்திகை. கூட வாசிக்கப் புல்லாங்குழல்காரர் பக்கிரி வந்தார். தலைவி வாசலில் காத்திருக்கிற பதம் அது. ஆனால் சிவப்ரியாவைப் பார்த்தால் காத்திருக்கிறவள் மாதிரி இல்லை, பஸ்ஸுக்கு ஓடுகிறவள் மாதிரி இருந்தாள். மூச்சு வாங்கியது. பக்கிரி ஐந்து கட்டைக் குழலை எடுத்தார். வைத்துவிட்டு நாலரையை எடுத்தார். அதையும் வைத்தார்.

"இந்தப் பாட்டு எந்தக் கட்டையிலயும் நிக்கல சிவாம்மா. நாலரைக்கும் அஞ்சுக்கும் நடுவால எங்கியோ நிக்குது. எங்கிட்ட அதுக்குக் கொழலு இல்ல."

மங்கலம் எழுந்து ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அடுத்த கட்டையை அழுத்தாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது எங்கொரல் இல்ல சிவா. நான் நாலுலதான் பாடினேன். மெஷினு வேகமா ஓட்டிவுட்ருக்கு. தாளமும் ஓடுது பாரு."

அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சு வேண்டும்! அவள் வாயைப் பொத்தலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

திருநாவுக்கரசு அந்தோணிசாமிக்குப் போன் போட்டார். விஷயம் சின்னது. விண்டோஸில் பாட்டு பதிந்த வேகம் ஒன்று, லினக்ஸ் அதை ஓட்டுகிற வேகம் அதைவிட ஜாஸ்தி. மாற்றாமல் அப்படியே போட்டால், டேப்ரெக்கார்டர் வேகமாகச் சுற்றினது மாதிரி பாட்டும் ஓடும், குரலும் ஏறும். சாயங்காலமே சரிசெய்துவிட்டார். செய்தவர் சும்மா இருக்கலாம் இல்லையா?

"மங்கலம், வேகத்தத் தொடாம கொரல மட்டும் சரியா அஞ்சுக்கு ஏத்தவும் இதுல வழி இருக்காம். ஏத்திடட்டுமா? யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேங்க" என்றாள். சரிசெய்த சீடியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் என் கையை விடவில்லை.

சிவப்ரியா அதைக் கண்ணை மூடிக் கேட்டாள். கனத்த, நிதானமான குரல். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் வாசலைப் பார்க்க நேரம் இருந்தது. பாட்டு முடிந்ததும் சீடியை வெளியே எடுத்து மங்கலத்திடம் நீட்டினாள்.

"இந்தச் சீடி வேணாங்க்கா" என்றாள். மங்கலம் தலையை ஆட்டிவிட்டுப் பையை எடுத்தாள். சிவப்ரியா அந்தப் பையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க போறீங்க? சீடிதான் வேணாம்னேன். நீங்க மேடையில உக்காந்து பாடுங்க. இந்தக் கொரலுக்கு நான் நிம்மதியா ஆடலாம்."

சிவராத்திரி அன்று சாயங்காலம் மங்கலம் மேடையில் உட்கார்ந்தாள். பக்கிரி நாலு கட்டைக் குழலோடு பக்கத்தில் இருந்தார். சிவப்ரியா அன்றைக்குக் காத்திருந்தாள், உண்மையாகவே காத்திருந்தாள். மடிப்பு கலைகிறதா என்று பார்க்க வேண்டிய நான் அதை மறந்து பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கைதட்டல் அடங்கி மங்கலம் கீழே இறங்கியபோது எனக்கு மனசு நிறைந்து வழிந்தது.

திருநாவுக்கரசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அந்த வேகமா ஓடின பாட்டும் கம்ப்யூட்டர்ல அப்படியே கெடக்கு மங்கலம். ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டுமா?"

"அழிச்சிடுங்க" என்றாள் மங்கலம், முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "நல்லாத்தான் பாடுறா. ஆனா யாருன்னு எனக்குத் தெரியல."