அவசரத்தில் எண்ணிய ஈயம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஆசிட் அக்கா என்று பெயர். பத்தொன்பது வருஷமாக எரிமலைக் கல்லைப் பொடித்து, அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலில் வெள்ளித் தகட்டைத் தொங்கவிட்டு, அதில் படியும் பொலோனியம் என்ற கதிரியக்கத் தனிமத்தின் அணுக்களை எண்ணுகிறாள். கையில் மூன்று இடத்தில் தழும்பு. பக்கத்து மேசைக்காரனான எனக்கு அவள் பொறுமையைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

ஒரு எரிமலை வெடித்துப் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அடிவாரக் கண்காணிப்பு நிலையத்தில் வாயு அளந்தவன் அக்காவின் தம்பி. மலை வருஷக்கணக்காக வாயுவைக் கசியவிட்டிருக்கும், இவன் அளக்காமலே ‘கசிவு இல்லை’ என்று எழுதித் தள்ளியிருப்பான் என்று விசாரணைக் குழு சந்தேகப்பட்டது. அந்த வெடிப்பில் விழுந்த கல் எங்களிடம் வந்தது. தம்பி விஷயம், வேறு யாராவது செய்யட்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்தாள். வேறு ஆள் ஏது?

விஷயம் இதுதான். ரேடியத்திலிருந்து ரேடான் வாயு பிறக்கும், அந்த வாயுதான் பிறகு கதிரியக்க ஈயமாகும்; வாயு கசிந்தால் ஈயம் குறையும். கல்லில் ரேடியமும் கதிரியக்க ஈயமும் சரிக்குச் சரி இருந்தால், வெடிப்பதற்கு முன் வருஷக்கணக்கில் கசிவு இல்லை. ஈயம் குறைந்திருந்தால் கசிவு இருந்திருக்கிறது. அந்த ஈயத்தை நேரடியாக எண்ணுவது கஷ்டம். அதிலிருந்து பிறக்கும் பொலோனியத்தைத்தான் எண்ணுகிறோம். வெடிக்கும்போது பொலோனியம் ஆவியாகிப் போய்விடும். ஈயத்துக்குச் சமமாக மறுபடி வளர இரண்டு வருஷம் பிடிக்கும். முந்திக்கொண்டு எண்ணினால் ஈயமே குறைவு போலத் தெரியும்.

வெடித்த நான்காம் மாதம் குழு எங்கள் ஆய்வுக்கூட இயக்குநரை நெருக்கியது. அக்கா எண்ணினாள், பொலோனியம் ரேடியத்தில் பாதிகூடத் தேறவில்லை. ‘இது முதல் எண்ணிக்கை, ஈயத்தின் அளவாகக் கொள்ளக் கூடாது’ என்று அடியில் எழுதிக் கொடுத்தாள். இயக்குநர் மூன்று பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கினார். அடிக்குறிப்பு காணாமல் போனது, தம்பியின் வேலையும் போனது.

அக்கா இயக்குநரின் அறைக்குப் போனாள், நானும் கூடப் போனேன். “ரெண்டு வருஷம் பொறுக்கச் சொல்லுங்க சார். இப்ப இருக்கிற எண்ணை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றாள். குழு அதுவரை சும்மா இருக்குமா என்று கேட்டுவிட்டு அவர் தொலைபேசியை எடுத்தார். அவரை நாலு கேள்வி நறுக்கென்று கேட்காமல் வந்தது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

தம்பி ஒரு மெத்தைக் கடையில் சுமை ஏற்றப் போனான். வாராவாரம் வந்து கேட்பான். “கல்லு வளரட்டும்டா” என்பாள் அக்கா. பிறகு அவன் வருவதை நிறுத்திவிட்டான்.

இரண்டு வருஷம் கழித்து எண்ணியபோது ஈயமும் ரேடியமும் சரிக்குச் சரி. நான் மேசையைத் தட்டினேன். அக்கா இன்னும் இரண்டு தகடு போட்டு எண்ணினாள். அதே விடை. இயக்குநர் படித்துப் பார்த்தார். குழுவைக் கலைத்து ஒரு வருஷமாகிவிட்டது, இனி யாரிடம் கொடுப்பது என்றார். நல்ல கட்டுரையாகும், ஆய்விதழுக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார்.

அந்தத் தாளோடு மெத்தைக் கடைக்குப் போனோம். தம்பி லாரியிலிருந்து இறங்கி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தான்.

“இதைத்தானேக்கா நான் அஞ்சு வருஷமா தினமும் எழுதினேன்” என்றான். “ஊர் நம்பலை, சரி. கல்லு வளரட்டும், கல்லு வளரட்டும்னே நீயும். நீ சொன்னது நிஜம்னு தெரியும்டான்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல?”

தாளை மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த மெத்தையைத் தூக்கினான்.