தண்ணீர்ப் பானை இருந்த இடம்

குருவம்மா கைக்குழந்தைக்குப் பால் இல்லை என்று விரட்டினவள் என்று தேக்காப் பக்கம் இன்றைக்கும் சொல்கிறார்கள். கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். அவளிடம் ஒரு சொட்டுப் பால் வாங்கிக் குடிக்காதவன்கூடச் சொல்கிறான். அது காதில் விழும்போதெல்லாம் மருதப்பனுக்கு வயிறு எரியும். எரிந்து என்ன செய்ய? அந்தப் பேச்சைத் தெருவில் முதலில் போட்டவனே அவன்தான். பால் கேட்டு விரட்டப்பட்டவனும் அவன்தான்.

குருவம்மா யாரென்றால், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் கால்வாய் ஓரம் கொட்டகை போட்டு நாலு பசுவும் இரண்டு எருமையும் வைத்திருந்தவள். புருஷன் காய்ச்சலில் போன பிறகு மாட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போ என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் போகவில்லை. தானே கறந்து, தானே செம்பைத் தலையில் தூக்கி வீடு வீடாக ஊற்றினாள். குரல் பெரிது. வாயில் எப்போதும் வெற்றிலை. பால் குறைகிறது என்று யாராவது முனகினால், "நீயே வந்து உக்காந்து கறந்துக்க" என்று முக்காலியை நகர்த்திப் போடுவாள்.

மருதப்பன் பன்னிரண்டு வயதில் மாமனோடு கப்பலேறி வந்தவன். டிராம் வண்டி ஓட ஆரம்பித்து மூன்று நாலு வருஷம் ஆன அந்தக் காலத்தில் தஞ்சோங் பகார் துறைமுகப் பக்கம் ஒரு மிளகுக் கிடங்கில் நிறுவைக்காரனாக இருந்தான். மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்வான். தராசு வைத்தால் ஒரு ராத்தல்கூடத் தப்பாது. மனைவி பாக்கியலட்சுமி. முதல் பையன் பிறந்து நாலாம் மாதம் போய்விட்டான். இரண்டாவதாகப் பெண் பிறந்தாள், பூரணம்.

மாடியில் ஒற்றை அறை. கூடமாட இருக்கச் சொந்தத்தில் ஒரு பொம்பளை கிடையாது. பிரசவம் பார்த்தவள் மூன்றாம் நாள் குளிப்பாட்டிவிட்டுப் போய்விட்டாள். அதனால் பத்தியத்தை மருதப்பனே ஏற்றுக்கொண்டான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஊரில் அவன் அக்காளுக்கு நடந்ததுதான். பூண்டு, கருவாடு, மிளகு ரசம். தண்ணீர் மட்டும் கேட்கக் கூடாது. குடித்தால் வயிறு விழுந்துவிடும், பிள்ளைக்குச் சளி கட்டும். அக்காள் கைக்கு எட்டாமல் பானையைப் பரணில் வைத்திருந்தார்கள். காலையில் ஒரு குவளை வெந்நீர், மாலையில் ஒரு குவளை. அவனும் அப்படியே செய்தான். தெருக்குழாயில் பிடித்து வந்த தண்ணீரைப் பரண் பலகையில் ஏற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போனான். ஏணி வெளியே இருந்தது.

பாக்கியலட்சுமி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதைத்தான் மறுப்பாள்?

பூரணம் எடை ஏறவில்லை. பதினைந்தாம் நாள் அவன் மிளகு நிறுக்கும் சின்னத் தூக்குத் தராசைக் கொண்டுவந்து, துணியில் பிள்ளையை இட்டுக் கொக்கியில் மாட்டினான். துணியைத் தனியாக நிறுத்துக் கழித்தான். ஆறே கால் ராத்தல். மறுநாளும் ஆறே கால். அதன் பிறகு தினம் வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தராசை எடுப்பான். பாக்கியலட்சுமி முள்ளைப் பார்க்க மாட்டாள், அவன் முகத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் கொஞ்சம் ஏறும், அடுத்த நாள் அதுவும் இறங்கும். பிள்ளை காம்பைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்துவிட்டு அழும். பிறகு அழுவதற்கும் சலித்துத் தூங்கும். தொடையில் தோல் தொங்கியது.

கீழே மளிகைக் கடை ரவூப் கேலி செய்தார். "மருதப்பா, அது என்ன மிளகு மூட்டையா? நிறுத்து நிறுத்தே தேய்ச்சிடுவ போலிருக்கே!" சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "பசும்பால் ஊத்திப் பாரேன், தம்பி" என்றார் மெதுவாக.

அறுபத்தெட்டாம் நாள் எடை ஏழு ராத்தலுக்கும் கொஞ்சம் குறைவு. மறுநாள் விடியக் கருக்கலில் செம்போடு குருவம்மாவின் கொட்டகைக்குப் போய் நின்றான்.

"அக்கா, தினம் அரைச் செம்பு பால் வேணும். கைப்பிள்ளைக்கு."

அவள் கறப்பதை நிறுத்தவில்லை. "எத்தனை மாசம்?"

"ரெண்டு முடிஞ்சு எட்டு நாள்."

"தாய் இருக்காளா?"

"இருக்கா."

"இருந்தா அவகிட்டப் போ. எங்கிட்ட எதுக்கு வந்தே?"

"அவகிட்ட பால் ஊறலை. பிள்ளை காய்ஞ்சுகிட்டுப் போகுது."

"பெரியவங்க யாருக்கு வேணும்னாலும் ஊத்தறேன். கைப்பிள்ளைக்கு எங்கிட்ட பால் இல்லை. போ."

மடியிலிருந்து பால் செம்பில் சர் சர்ரென்று விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மருதப்பனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தெருவில் இறங்கிக் கத்தினான். "பிள்ளை பெறாத மலடி! செம்பு நிறைய வச்சுக்கிட்டு இல்லைங்கறா! என் பிள்ளை செத்தா இவ தலையிலதான் விடியும்!" ரிக்‌ஷாக்காரர்கள் நின்று பார்த்தார்கள். குழாயடியில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அவன் அன்று வேலைக்குப் போகவில்லை. நடுப்பகலில் மாடிப்படி கிறீச்சிட்டது. குருவம்மா வெறுங்கையோடு ஏறி வந்தாள். அவனை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் நேரே பாக்கியலட்சுமி முன்னால் உட்கார்ந்தாள்.

"நாக்கை நீட்டு, தாயி."

நீட்டினாள். உதடு இரண்டு இடத்தில் வெடித்திருந்தது.

"காலையிலேருந்து ஒண்ணுக்குப் போனியா?"

பாக்கியலட்சுமி இல்லை என்று தலையசைத்தாள்.

"தண்ணி எங்க வச்சிருக்கு?"

அவள் கண் பரணுக்குப் போய்விட்டுத் திரும்பியது. குருவம்மாவும் மேலே பார்த்தாள்.

"யாரு அங்க வச்சது?"

"நான்தான்" என்றான் மருதப்பன். "பத்தியம்."

"எத்தனை நாளைக்கு?"

"முடியற வரைக்கும்."

"எப்ப முடியும்?"

மருதப்பன் பரணை அண்ணாந்து பார்த்தான். அக்காளுக்குப் பத்தியம் நடந்துகொண்டிருந்தபோதே மாமன் அவனைக் கப்பலுக்குக் கூட்டிவந்துவிட்டான். பானையைப் பரணில் ஏற்றியதைப் பார்த்தான். இறக்கியதைப் பார்க்கவில்லை.

"தெரியாது" என்றான்.

"எங்க பக்கம் அஞ்சு நாள். ரொம்ப மிஞ்சினா ஏழு. அதுவே கொடுமைம்பேன் நான். நீ அறுபத்தெட்டு நாளா ஒருத்தியைக் கருவாடாக் காயப் போட்டிருக்கியே, படுபாவி! என் எருமைக்கு ஒரு வேளை தண்ணி காட்டலைன்னா சாயங்காலம் மடியில கையை வச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கணும். இறக்குடா அதை!"

இறக்கினான். பாக்கியலட்சுமி மூன்று செம்பு குடித்தாள். நடுவில் மூச்சு வாங்கியபோது, "ஏங்க, ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டாள். அதைக் கேட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

போகும்போது குருவம்மா தராசைக் கொக்கியோடு கழற்றி இடுப்பில் செருகினாள். "அழும்போதெல்லாம் பிள்ளையைப் போடு, ரெண்டு பக்கமும் குடு. கஞ்சி குடி, கீரை தின்னு. இந்தத் தராசு எட்டாம் நாள் வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். இவன் மூஞ்சியைப் பார்த்தே பாதிப் பால் வத்தியிருக்கும்."

படியில் பாதி இறங்கியதும் நின்று, பின்னால் வந்த மருதப்பனைத் திரும்பிப் பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது.

"ஏன் பால் இல்லைன்னேன்னு கேட்டியா? இந்தத் தெருவுல மூணு வீட்டுல கைப்பிள்ளைக்கு என் பாலை ஊத்துனாங்க. மூணும் வயித்தாலே போயிப் போயே தீந்துடுச்சு. இந்தச் சூட்டுல பால் எத்தனை நாழி தாங்கும்? அதோட நாலாவது உன்னுதாக வேணாம்னுதான் இல்லைன்னேன். இதை வெளிய விடாதே. அந்த மூணு தாய்மாரும் அவங்கவங்க கையாலதான் ஊட்டுனாங்க. பாலாலதான் போச்சுன்னு தெரிஞ்சா உயிரோட வெந்துடுவாங்க."

அதனால்தான் மருதப்பன் வாயை மூடிக்கொண்டான். கல்நெஞ்சக்காரி என்று குழாயடியில் சொல்பவர்களில் அந்த மூவரில் ஒருத்தியும் இருந்தாள்.

அந்த எட்டு நாளும் அவன் பட்டது அவனுக்குத்தான் தெரியும். தராசு இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே. பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் கை தானாக எடை போடும். உடனே கீழே விட்டுவிடுவான். மூன்றாம் நாள் துணி அடிக்கடி நனைந்தது. ஐந்தாம் நாள் பிள்ளையின் கடைவாயில் பால் வழிந்தது. அதைப் பார்த்தும் அவன் நம்பவில்லை. முதல் பையனும் போவதற்கு முன்னால் ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தான்.

எட்டாம் நாள் குருவம்மா தராசோடு வந்தாள். ஏழரை.

"பத்தாதே" என்றான்.

"ஏறிச்சில்ல? பேசாம இரு."

இனி வாரத்துக்கு ஒரு தடவைதான் நிறுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாரம் கால் ராத்தல் ஏறும், ஒரு வாரம் அரை. நாலாம் மாதம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மாதத்தைப் பூரணம் தாண்டினாள். ஏழாம் மாதத்தில்தான் அதே வயசுப் பிள்ளையான ரவூபின் பேரனுக்குச் சமமாக வந்தாள்.

பத்து வருஷம் கழித்துக் குருவம்மாவின் முழங்கால் இரண்டும் விட்டுப்போயின. மாடுகளை விற்றுவிட்டு ஊருக்குப் போகக் கப்பலுக்கு வந்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மருதப்பன் கூடப் போனான். பூரணமும் வந்தாள். கிழவி அவள் மேல்கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள், மாட்டைப் பார்ப்பதுபோலவே.

"அக்கா, அந்த மூணு பேர்ல ரெண்டு பேர் ஊருக்குப் போயாச்சு. ஒருத்தி செத்தும் போயிட்டா. நான் கத்துன அதே முனையில நின்னு நடந்ததைச் சொல்லிடறேன். எனக்கு மனசு ஆறலை."

"நான் அங்கே இல்லாதப்ப நீ கத்தி யாருக்கு என்ன?" வெற்றிலையைத் துப்பினாள். கப்பல் சங்கு ஊதியது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு செய்யி. கொட்டகையை வாங்கினவன் யார் கேட்டாலும் ஊத்திடுவான். எவனாவது கைப்பிள்ளைக்குன்னு செம்போட வந்து நின்னா, நீ அவன் வீட்டுக்குப் போ. போயி, தண்ணிப் பானை எங்க இருக்குன்னு பாரு."