பெனால்ட்டிக்கு எழும்பாத பிள்ளை

எங்கள் வீட்டில் இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் வரலாறு என்பது, யார் எந்த நேரத்தில் குறுக்கே வந்தார்கள் என்பதன் வரலாறுதான். தொண்ணூறாம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்து பெனால்ட்டியில் தோற்றது, மாமாவின் இலண்டன் அறைத்தோழர் கழிவறைக்கு எழும்பிப் போனதால். ஆறு வருடம் கழித்து, சொந்த மண்ணில் நடந்த ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் தோற்றது, புதுப்பெண்ணாக வந்திருந்த மாமி அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி கொண்டுவந்ததால். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் இத்தாலியிடம் தோற்றதற்குக் காரணம் நான். ஐந்து வயதில் பலூனுடன் ஓடிவந்தேனாம்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். நிகழ்தகவு என்றால் என்னவென்று மாமாவுக்குப் பல தடவை விளக்கியிருக்கிறேன். "அதெல்லாம் சரி, நீ பலூனோட வந்தனியோ இல்லையோ?" என்பார்.

மாமா அம்மாவின் அண்ணன். அப்பா இறந்த பிறகு எங்கள் இருவரையும், இலண்டனை விட்டு வந்து தான் குடியேறிய பியர்பொன்ட்ஸ் புறநகர் வீட்டுக்கே கூட்டிவந்தவர். நல்ல மனிதர். ஊரெல்லாம் ஐஸ் ஹொக்கி பார்க்க, அவர் இங்கிலாந்துக்காக, தொலைக்காட்சி வைத்திருந்த நிலக்கீழ் பேஸ்மென்டில் சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்துவார். பெனால்ட்டி வந்தால் ராசியில்லாத ஆட்கள் மேலே போய்விட வேண்டும். அம்மாவை மட்டும் யாரும் போகச் சொன்னதில்லை. கல்யாண வீடுகளில் பின்வரிசையில் நிற்பதைப் போலவே, அவர் தானாகப் படிக்கட்டின் நடுவில் நின்றுகொள்வார்.

ரஷ்யாவில் உலகக் கிண்ணம் நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. கொலம்பியாவுடன் ஆட்டம். இங்கே பட்டப்பகல். இங்கிலாந்து ஒரு கோல் முன்னால் நிற்க, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், மாமி பொரித்துத் தந்த ரோல்ஸ் தட்டுடன் நான் கீழே இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைக்கிறேன், கொலம்பியாக்காரன் தலையால் முட்டிக் கோல் போட்டான். கொலம்பியாவிலிருந்து எனக்கொரு ஜேர்சி அனுப்புவார்கள் என்றான் மாமாவின் மகன்.

மாமா தட்டை வாங்கிக்கொண்டார். மேலதிக நேரமும் முடிந்து பெனால்ட்டி என்றதும்தான் திரும்பினார்.

"பிள்ளை, எழும்பி மேல போ."

பள்ளிக்கூட அணியில் பெனால்ட்டி அடிப்பவள் நான். இங்கிலாந்து அடிப்பதை மட்டும் ஒருநாளும் பார்க்கவிட்டதில்லை. சோபாவின் நடுவில் இன்னும் நன்றாக அழுந்தி இருந்தேன்.

"போகமாட்டன். ரஷ்யாவில நிண்டு அடிக்கிறவனுக்கு நான் இஞ்ச இருக்கிறது தெரியுமோ?"

அந்த வீட்டில் மாமாவிடம் யாரும் அப்படிக் கதைத்ததில்லை. மாமி வாயில் கையை வைத்துக்கொண்டார். இங்கிலாந்தின் முதல் இரண்டு அடிகளும் உள்ளே போயின. மூன்றாவதைக் கோல் காப்பாளர் தட்டிவிட்டார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மாமா எழும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

அப்போதுதான் படிக்கட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அண்ணனுக்கு முன்னால் சத்தமாகக் கதைக்காதவர்.

"அண்ணை, அவள் அங்கயே இருக்கட்டும். தோத்தாலும் இருக்கட்டும்."

மாமா கையை விட்டார். அடுத்த கொலம்பியாக்காரனின் பந்து மேல் கம்பத்தில் பட்டது. அதற்கடுத்ததை எங்கள் காப்பாளர் ஒற்றைக் கையால் தட்டினார். உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து முதன்முறையாகப் பெனால்ட்டியில் வென்றது.

அரையிறுதிக்கு நான் ராசிக்காரியாகிவிட்டேன். அதே இடத்தில் இருக்க வேண்டுமாம். அதற்கும் மாட்டேன் என்று பந்தை எடுத்துக்கொண்டு பார்க்குக்குப் போய்விட்டேன். இங்கிலாந்து என் உதவியில்லாமலே தோற்றது.

ஆனால் கொலம்பியாவை வென்ற அன்று, எல்லாரும் துள்ளிக்கொண்டிருந்தபோது, அம்மா படியிறங்கி வந்து சோபாவின் நடுவில் என் பக்கத்தில் இருந்தார். திரும்பத் திரும்பக் காட்டிய கோல்களைப் பார்த்தார். விளம்பரங்களைப் பார்த்தார். பிரெஞ்சுச் செய்தி தொடங்கிய பிறகும் எழும்பவில்லை. அம்மாவுக்கும் உதைபந்தாட்டப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து, நான் ஓஃப்சைட் விதியை விளக்கத் தொடங்கினேன்.