வர்ணனை இல்லாத வடை

இந்தத் தை அமாவாசைக்கு எங்கள் ஊர்க் குளத்தில் வெல்லம் கரைக்கப் போனேன்.

திருவள்ளூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பில் என்ன கோளாறு இருந்தாலும் சரி, பெருமாளை நினைத்துக்கொண்டு ஒரு கட்டி வெல்லத்தைக் கோயில் குளத்தில் போட்டால், வெல்லம் கரைவது போல அந்தக் கோளாறும் கரைந்துவிடும் என்பது இங்கே நம்பிக்கை. என் கோளாறு என்ன தெரியுமா? நானேதான்! பிரசவத்தின்போது ஏறிய சதை, பிள்ளைக்கு மூன்று வயதாகியும் இறங்க மறுக்கிறது.

இவ்வளவு உடம்பு கரைய வேண்டும் என்றால் சின்னக் கட்டி போதுமா? பெருமாள் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்று பயந்து, கடைக்காரரிடம் பெரிய கட்டியாகவே கேட்டு வாங்கினேன்.

குளத்துக்குப் போகிற வழியெல்லாம் கூட்டம். நகரவே முடியவில்லை. ஒரு கையில் என் மகள் விஜி, மறு கையில் வெல்லம். நிற்க நிற்க, கைச்சூட்டில் வெல்லம் பிசுபிசுக்க ஆரம்பித்தது. விரலை நக்கினேன். விரலை மட்டும்தான்... முதலில்.

படிக்கட்டை அடைந்தபோது கையில் கோலிக்குண்டு அளவுக்கு வெல்லம் மிச்சம் இருந்தது.

கூட வந்தவர் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா. மீஞ்சூரில் பிறந்து எங்கள் மணவாள நகரில் வாழ்க்கைப்பட்டவர். உடம்பு விஷயத்தில் எனக்கு அக்காவேதான். அவர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"இன்னாடி, வாய மூடிக்கினு நிக்கிற? சாமி பேரச் சொல்லி போடு."

"ம்ம்."

"எங்க, வாயத் தொற."

திறந்தேன்.

"அடிப்பாவி! கொளத்துல கரைக்கிறத வாயில கரைச்சிக்கினு கீறியே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்த அந்த நேரத்தில்தான் விஜி என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். ஈரப் படிக்கட்டு. கீழே தண்ணீர். நான் பின்னால் ஓடினேன் — அதாவது, ஓடியதாக நினைத்தேன். நாலு படி இறங்குவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. முழங்கால் மடங்கவில்லை. சரோஜா அக்கா எனக்கும் மேலே இரண்டு படி தள்ளி நின்று, "புடிங்க, புடிங்க" என்று ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஈர வேட்டியோடு படியேறி வந்த பெரியவர் ஒருவர் விஜியைக் கவுனோடு பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்தவர் சும்மா கொடுத்தாரா?

"இன்னாம்மா, கொழந்தைய ஓட விட்டுட்டு ரெண்டு பேரும் தேரு நெலைக்கு வந்தாப்பல நிக்கிறீங்க?"

அங்கே நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து விஜிக்குச் சாதம் பிசையும்போதுதான் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். நாளைக்கு பஸ் ரோட்டில் ஓடினால்? ரயில்வே கேட் பக்கம் ஓடினால்? அந்தப் பெரியவர் எல்லா இடத்திலும் ஈர வேட்டியோடு நிற்பாரா?

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனேன். இனிமேல் பட்டினி கிடக்கிறேன் என்றேன். திட்டினார்.

"பட்டினி கெடந்தா நாலாம் நாள் அண்டாவோட சாப்பிடுவே. மெள்ள மெள்ளக் குறையணும். வேளாவேளைக்குச் சாப்பிடு. அதுக்கு மேல வாயில போட்டது எதுவானாலும் தினம் ஒருத்தர்கிட்ட மறைக்காம சொல்லிடு. சொல்ல வெட்கப்பட்டே குறைச்சிடுவே."

யாரிடம் சொல்வது? வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். வக்கீல் குமாஸ்தா. ஒரு முறுக்கைப் பற்றிச் சொன்னால் 'முறுக்கு எந்த டப்பாவில் இருந்தது, டப்பாவைத் திறந்தது யார்' என்று கேட்கக் கூடியவர். வேண்டாம் என்று ஒதுக்கினேன். சரோஜா அக்காவிடம் போனேன். அவரும் படிக்கட்டில் நின்றவர்தானே? நான் அவரிடம் சொல்வது, அவர் என்னிடம் சொல்வது, இடம் பொதுக் கிணற்றடி, நேரம் மத்தியானம் என்று ஏற்பாடு.

முதல் நாள் நான் ஆரம்பித்தேன்.

"பக்கோடா சாப்பிட்டேன்க்கா."

"இன்னா பக்கோடா?"

"வெங்காயம்தான். கடலைமாவு கொஞ்சம் மீந்திருந்தது. சோம்பு தட்டிப் போட்டு, பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டு, தண்ணியே விடாமப் பிசைஞ்சு... ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, நடுவுல வெங்காயம் மட்டும் மெத்துன்னு..."

தொபுக்கென்று ஒரு சத்தம். அக்கா வாளியைக் கயிற்றோடு கிணற்றுக்குள் விட்டுவிட்டார்.

மறுநாள் அக்காவின் முறை. முகத்தில் குற்றவாளிக் களை.

"உன்னாலதான்டி. ஊட்டுக்குப் போனா ஒரு வேல ஓடல. கண்ண மூடினா பக்கோடா. ஒரு ஈடு போட்டுட்டேன்."

"வெங்காயமா?"

"புதினா! உருவி, கழுவி, இஞ்சி நசுக்கிப் போட்டு... எண்ணெயில உட்டேன் பாரு, எதிர் ஊட்டுக்காரி வந்து எட்டிப் பாத்துட்டுப் போறா!"

அன்று மத்தியானம் என் வீட்டிலும் புதினா மணந்தது. வேறு என்ன செய்ய முடியும்? அதற்கு அடுத்த நாள் நான் அதைச் சொல்ல, அக்கா அதற்குத் தேங்காய்ச் சட்னியோடு மேல்முறையீடு செய்ய... தவறை ஒப்புக்கொள்வதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று டாக்டரம்மா எச்சரிக்கவே இல்லை. நாங்கள் எதையும் மறைக்கவில்லை. அதுதான் ஆபத்தாகப் போய்விட்டது.

இதற்கு நடுவில் பிரசாதப் பிரச்சினை வேறு.

எங்களுக்கு அந்தப் பக்கத்து வீட்டு மாமியின் கணவர் கோயில் பட்டர். மாமி சுவருக்கு மேலே கையை நீட்டி, "குழந்தைக்குக் குடுடிம்மா" என்று தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் தருவார். குழந்தை ஒரு வாய்க்கு மேல் தொடாது. மீதி? பிரசாதத்தைக் குப்பையில் போடலாமா? போட்டால் விஜிக்குக் காய்ச்சல் வந்துவிட்டால்? சாப்பிட்டேன். இது கணக்கில் வருமா என்று கிணற்றடியில் கேட்டேன்.

"பிரசாதத்தப் போய்க் கணக்குல சேப்பாங்களா? சாமி கோச்சிக்கும்" என்று தீர்ப்பு சொன்னார் அக்கா. கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏண்டி... சாமிக்குக் காட்டிட்டா எல்லாமே பிரசாதந்தானே?"

பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள் நான். அந்தக் கேள்வியை நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை எதுவும் தெரியவில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் பக்தி பெருகியது. மசால்வடை சுடுவேன். வெங்காயம் போட்டுப் படைக்கக் கூடாது என்று வெங்காயம் போடாமல் சுடுவேன். எனக்கும் சாஸ்திரம் தெரியாதா என்ன? பெருமாள் படத்துக்கு முன்னால் தட்டை வைத்து, மேலே ஒரு துளசி. விஜிக்கு மணி அடிக்கும் வேலை. கணகணவென்று அடிப்பாள். மணி ஓய்ந்ததும் சரோஜா அக்கா சேவிக்க வந்துவிடுவார்.

மாட்டிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஜி காலித் தட்டைச் சுவரோரம் வைத்து, தானே மணி அடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"சாமிக்கு இன்னா கண்ணு வெச்சிருக்கே?" என்று கேட்டார் இவர்.

"வடே."

"சாமி சாப்ட்டாரா?"

"இல்ல. சாமி பாத்துகினே இருந்தாரு. அம்மா சாப்ட்டா. சரோசா பெரிம்மா சாப்ட்டா. நானு மணி அட்ச்சேன்."

பேப்பர் மடிந்தது. வக்கீல் குமாஸ்தாவுக்கு வீட்டிலேயே ஒரு சாட்சி கிடைத்தால் விடுவாரா? எத்தனை தடவை மணி அடித்தாய், பெரிம்மா எத்தனை வடை எடுத்தாள் என்று எல்லாம் வாங்கிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்பாரென்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"குளத்துல என்ன ஆச்சுன்னு அன்னிக்கி நீதானே சொல்லி அழுதே? அதுக்குத்தானே டாக்டர்கிட்ட போனே?"

கேட்டது நியாயம்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? "டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்க. தினம் சொல்லிக்கினுதானே இருக்கேன்?" என்றேன்.

"எப்படிச் சொல்றே? என்கிட்ட சொல்லு, பாக்கலாம்."

சொன்னேன். ஊறவைத்த கடலைப்பருப்பில் ஆரம்பித்து, ஒன்றிரண்டாக அரைப்பது, சோம்பு, காய்ந்தமிளகாய், உள்ளங்கையில் தட்டி எண்ணெயில் விடும்போது வரும் அந்தச் சத்தம்... இவர் எச்சில் விழுங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

"இன்னும் மிச்சம் இருக்குதா?" என்றார்.

உடனே தலையை உதறிக்கொண்டார். "பாத்தியா, பாத்தியா! இது ஒப்புக்கறது இல்லம்மா, விளம்பரம்! கோர்ட்ல சாட்சி கதை சொல்ல ஆரம்பிச்சா ஜட்ஜு என்ன சொல்வாரு தெரியுமா? கேட்டதுக்கு மட்டும் பதில். நாளையிலேர்ந்து அதான் சட்டம். என்ன, எத்தனை, அவ்ளோதான். வர்ணனை கூடாது. மணி அடிச்சதும் கணக்குல உண்டு."

மறுநாள் கிணற்றடி.

"வடை" என்றேன்.

"எத்தினி?"

"மூணு."

அக்கா காத்திருந்தார். நான் வாளியைக் கிணற்றில் இறக்கினேன்.

"எப்டி இருந்திச்சி?"

"சொல்லக் கூடாதுக்கா."

"நல்லா செவந்திச்சா, வெளுப்பா எடுத்துட்டியா? அதயாவது சொல்லேன்!"

"கூடாதுக்கா."

"இன்னாடி இது பேஜாரு! எழவு ஊட்ல பேசிக்கிற மாதிரி கீது!"

பேசாமல் தண்ணீர் இறைத்தோம். எவ்வளவு பரிதாபமான மத்தியானம்! ஆனால் யோசித்துப் பாருங்கள். மொறுமொறுப்பையும் மணத்தையும் கழித்துவிட்டால் ஒரு வடையில் மிச்சம் என்ன? 'மூணு' என்பதுதான். சாப்பிடும்போது தெரியாத அதன் கனம், வாயால் சொல்லும்போது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூணு என்று சொல்லக் கூசி அது ரெண்டானது. ரெண்டுக்கும் அக்கா பெருமூச்சு விடுவதைப் பார்த்து ஒன்றானது. நம் ஆசையில் பாதி பண்டத்தின் மேல் இருக்கிறது. மீதிப் பாதி, அதைப் பற்றிய பேச்சின் மேல்.

அதற்காக நான் கொடி போல ஆகிவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டரம்மாவின் மெஷினில் முள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தபோது, மெஷின் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தபோது, எனக்கு ஏதாவது வியாதியோ என்று பயந்தேன். மெள்ளக் குறைகிறதே, போதாதோ? சட்டென்று குறைந்தால் ஆபத்தோ? டாக்டரம்மா என் முதுகில் ஒன்று வைத்து வீட்டுக்கு அனுப்பினார்.

போன வாரம் காய்கறி வாங்கிக்கொண்டு அக்காவும் நானும் திரும்பிக்கொண்டிருந்தோம். விஜி கையை உதறிக்கொண்டு ஓடினாள். பஸ் ரோட்டைப் பார்த்து ஓடினாள். நான் வருகிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடினாள். தூரத்தில் பஸ்ஸின் ஹாரன்.

என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. பையைப் போட்டதும் தெரியாது. ஒரு செருப்பு கழன்றதும் தெரியாது. ரோட்டை மிதிப்பதற்கு முன்னால் அவளுடைய கவுனின் பின்பக்க நாடா என் கையில் இருந்தது. பஸ் எங்கள் மேல் புழுதியைக் கொட்டிவிட்டுப் போனது.

உருண்ட கத்தரிக்காய்களைப் பொறுக்கிக்கொண்டே வந்து சேர்ந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா ஓடின? மெய்யாலுமே நீயாடி ஓடின?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மூச்சு வாங்கியது. ஆனால் நிற்கவில்லை.

விஜி பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். அக்கா பதறிப் போய் முழங்காலைத் தடவிப் பார்த்தார். "இன்னாடா கண்ணு, அடி பட்டுச்சா? எங்க நோவுது?"

"அம்மா புட்ச்சிட்டா!" என்று தேம்பினாள் விஜி. "எப்பவும் புடிக்கவே மாட்டா! இனிமே அம்மாகூட ஆட மாட்டேன், போ!"

வீடு வரும்வரை அழுதாள். பெற்ற பிள்ளை அழ அழ இவ்வளவு சந்தோஷமாக நடந்துபோன ஒரு தாயை மணவாள நகர் இதற்கு முன்னால் பார்த்திருக்காது!