துடுப்பைத் திருப்பிக் கொடுத்த சாம்மோல்

நார்வேயின் வடகோடியில், போர்சாங்கர் கடற்கரையில், சாமியர் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த சாம்மோல் அளவுக்குத் துடுப்பு வலிக்க ஆள் கிடையாது. ரோஷத்திலும் அப்படித்தான். வீட்டுக் காபி ஆறியிருக்கிறது என்று சொன்ன சொந்தத் தம்பியோடு ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாதவர்.

மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, சர்க்கரை வாங்கப் போனவரைக் கடைக்கார டோர்லெய்ஃப் வம்புக்கு இழுத்தார். அவர் நார்வே மொழிக்காரர், ரேடியோப் பிரியர்.

"சேதி கேட்டியா? துடுப்பை உங்க பாஷையில 'ஐரு'ங்கிறீங்களே, அது எங்க முப்பாட்டன் பேச்சாம். படகோட அடிக்கட்டை, உக்கார்ற பலகை, எல்லாப் பேரும் சாமியருங்க எங்ககிட்ட வாங்குனதுதானாம். எப்பப்பா திருப்பித் தரப்போற?"

சாம்மோல் வீட்டுக்குப் போய்த் துடுப்புகளையும் பலகையையும் தோளில் சுமந்து வந்து கடை வாசலில் போட்டார்.

"இந்தா, உன் பாட்டன் சொத்து. அடிக்கட்டைதான் வரமாட்டேங்குது. படகைக் கவுத்து நீயே உரிச்சுக்கோ."

"அட, சும்மா சொன்னேன்பா!"

"நான் சும்மா தரல."

மதியம் மேல்காற்று கிளம்பியது. கல்யாண சூப்புக்கான மீனெல்லாம் இன்னும் கடலில், வலைக்குள். மனைவி காத்யா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பேரு அவனோடதாவே இருந்துட்டுப் போவுது. வலையில கெடக்குற மீனு யாரோடது? நாளைக்குச் சம்பந்தி தட்டுல உன் ரோஷத்தையா வைக்க?"

சாம்மோல் பனி வாரும் மண்வெட்டியோடு படகில் ஏறினார். மண்வெட்டி தள்ளத் தள்ளப் படகு செக்குமாடு போலச் சுற்றியது. கரையே கூடிச் சிரித்தது.

டோர்லெய்ஃபுக்கு மனசு கேட்கவில்லை. மோட்டார் பழுதுக்குப் போயிருந்த தன் தோணியில் அந்தத் துடுப்புகளோடு கிளம்பிவிட்டார். அவர் மோட்டாரிலேயே வளர்ந்தவர். ஒரு துடுப்பு வானத்தைக் குத்தியது, இன்னொன்று தண்ணீரைத் தவறவிட்டது. ஆள் கால் மேலே தெரிய மல்லாந்தார். தோணி ஆடி ஆடிச் சாம்மோலின் படகில் வந்து இடித்தது.

"படுபாவி! துடுப்பை அப்படியா புடிப்பாங்க? வெண்ணெய் தடவுற கத்தியா அது?"

"உன் துடுப்புதானே, நீயே வந்து புடியேன்யா!"

'உன்' என்ற சொல் சாம்மோலின் காதில் தேனாக இறங்கியது. தன் படகைத் தோணியோடு கட்டிவிட்டுத் தாவி ஏறி, துடுப்புகளைப் பறித்துக்கொண்டார்.

"அந்த மூலையில உக்காரு. எதையும் தொடாதே."

காற்று முற்றுமுன் வலை கரையேறிவிட்டது. மறுநாள் சம்பந்தி வீட்டார் இரண்டாம் தடவையும் சூப் கேட்டார்கள். பரிமாற எழுந்த டோர்லெய்ஃபைப் பார்த்து, "கடைக்காரரே, நீங்க உக்காருங்க, எதையும் தொடாதீங்க" என்றாள் காத்யா. கையில் சூப் குடிக்க ஒரு கரண்டியை மட்டும் நம்பிக் கொடுத்தாள்.