எத்தனை இடத்துல வெட்டுனீங்க?

சாயப்பட்டறையில அவருக்குப் பேரு ‘ஷேடு’. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவரே திரும்பிப் பார்க்க மாட்டாரு. இருபத்தாறு வருஷமா ஒரே வேலை. புதுத் துணி வந்தா உள்ளங்கை அளவுக்குத் துண்டு வெட்டி, சின்னக் குவளையில சாயத்தைக் கொதிக்க வச்சு, முக்கி எடுத்து, சாயம் ஏறியிருக்கான்னு ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்ப்பாரு. மூக்கை ஒரு உறிஞ்சு. “பிடிக்கும்.” இல்லன்னா, “பிடிக்காது.” அவ்வளவுதான். அந்த ஒத்தை வார்த்தையை நம்பி ஆயிரம் மீட்டரைத் தொட்டியில இறக்குவாங்க.

அப்பேர்ப்பட்ட மனுஷன் டாக்டர் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. மூத்திரப்பையில புத்துநோய்க் கட்டி. தசை வரைக்கும் இறங்கிடுச்சு. பையையே எடுத்தாகணும், அதுல பேச்சே இல்ல. பேச்சு எல்லாம், அதுக்கு முன்னாடி கீமோ கொடுக்கறதா வேண்டாமாங்கறதுலதான்.

டாக்டருக்குக் கனைக்காம பேச வராது. “ஹ்ம். மருந்து கேட்டுச்சுன்னா கட்டி கரையும், ஆபரேஷனுக்கு அப்புறம் திரும்பி வர்ற வாய்ப்பு குறையும். ஹ்ம். கேக்கலன்னா மூணு மாசம் வீண். அதுக்குள்ள பரவலாம்.”

“கேக்குமா கேக்காதான்னு முன்னாடியே பார்க்க முடியாதா?”ன்னாங்க அவர் மனைவி.

“அதுக்குத்தான் கட்டியில வெட்டி எடுத்த சதையில ஒரு டெஸ்ட் பண்ணோம். புதுசு, இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. ஹ்ம். கேக்காதுன்னுதான் காட்டுது. நூத்துக்கு எழுபது.”

“அப்ப நேரா ஆபரேஷன்!” அந்தம்மா கைப்பையைத் தோளில மாட்டியாச்சு. கூட வந்த மச்சினன் எழுந்தே நின்னுட்டான். ஷேடுக்கும் அப்பாடான்னு இருந்துச்சு. யாரோ ஒருத்தர் முடிவாச் சொல்லிட்டாங்களே. ஆனா வாய் சும்மா இருக்கணுமே!

“எத்தனை இடத்துல வெட்டுனீங்க டாக்டர்?”

“என்னது?”

“டெஸ்டுக்கு.”

“ஒரு இடம்தான்.”

“நாங்க துணிக்கே மூணு இடம் வெட்டுவோம். இந்த ஓரம், அந்த ஓரம், நடு. ஒரு தடவை நடுவை விட்டுட்டேன். நானூறு மீட்டர் திட்டுத்திட்டா வந்துச்சு.”

இந்தத் தடவை டாக்டர் கனைக்கல. “நல்ல கேள்வி. கட்டியும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. அதனாலதான் இதை மட்டும் வச்சு முடிவெடுக்கச் சொல்ல மாட்டோம். மருந்தைத் தாங்கற உடம்புன்னா வழக்கமா முதல்ல கீமோதான். யோசிச்சுச் சொல்லுங்க.”

போச்சு. திறந்த கதவைத் தானே இழுத்துச் சாத்திட்டாரு.

வெளியில வந்ததும் மனைவி பிடிச்சுக்கிட்டாங்க. “உங்க பட்டறைப் பெருமையை இங்க வந்துதான் அவுத்து விடணுமா?”

“இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருந்தா, டாக்டர் கோட்டைக் கழட்டி உங்களுக்கே மாட்டி விட்டிருப்பாரு மாமா,”ன்னான் மச்சினன். யாரும் சிரிக்கல.

“துணின்னா, பிடிக்கலன்னா வெளுத்துட்டு மறுபடி முக்கலாம்…”ன்னு ஆரம்பிச்சவரு அங்கயே நிறுத்திட்டாரு.

அந்த வாரம் பட்டறையில ஒரு துண்டைப் பிடிச்சுக்கிட்டு ஜன்னலோரம் பத்து நிமிஷம் நின்னாரு. சூப்பர்வைசர் வந்து, “என்ன ஷேடு, நீங்க துணியைப் பார்க்கறீங்களா, துணி உங்களைப் பார்க்குதா?”ன்னு கேட்டுட்டுப் போனாரு. வீட்டுல பிசைஞ்ச சோறு பிசைஞ்சபடியே இருந்துச்சு. கீமோ பக்கம் போனா மூணு மாசம் போகும். நேரா ஆபரேஷன்னா மருந்து கேக்குற வாய்ப்பு போகும்.

வெள்ளிக்கிழமை மனைவிகிட்ட சொன்னாரு. “கீமோ போட்டுக்கறேன். எழுபது கேக்காதுன்னா முப்பது கேக்கும்ல. ஒரு துண்டை நம்பி அதை வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல.”

“கேக்கலன்னா?”

“ரெண்டு டோஸ் முடிஞ்சதும் ஸ்கேன் பார்ப்பாங்களாம். கரையலன்னா உடனே ஆபரேஷன்.”

“கரைஞ்சா?”

“மிச்ச டோஸை முடிச்சிட்டு ஆபரேஷன்.”



முதல் டோஸ் அன்னிக்கு இடது கையில ஊசி ஏத்தி, நாற்காலியில சாய்ச்சு விட்டாங்க. “ஆறு மணி நேரம். கையை மடக்காதீங்க,”ன்னுட்டு நர்ஸ் அடுத்த ஆளைப் பார்க்கப் போயிட்டாங்க. மருந்து பச்சைத்தண்ணி மாதிரி சொட்டுச்சு.

“எழுந்து போயிடணும் போல இருக்கு,”ன்னாரு.

“எங்க?”ன்னாங்க மனைவி.

“தெரியல. எங்க போனாலும் இந்தக் கட்டியையும் வயித்துல தூக்கிட்டுத்தானே போகணும்.”

“அப்ப உக்காருங்க,”ன்னு சொல்லி, தன்னோட நாற்காலியை இழுத்து அவர் பக்கத்துல போட்டுக்கிட்டாங்க அந்தம்மா.