ஸ்டிக்கர் ஒட்டிய போனும் என் கையும்

மெஷின் எண்ணெய் பட்டு இன்று காலை என் வலது கை தடித்துவிட்டது.

எங்கள் ஒரகடம் கம்பெனி டாக்டரம்மா குறிப்பெல்லாம் போனில்தான் எழுதுவார். “போட்டோ எடுத்து ஸ்கின் டாக்டருக்கு அனுப்பிடலாம்” என்று போனைத் தூக்கினார்.

கேமரா மேல், உள்ளே யாரும் படம் எடுக்கக் கூடாதென்று செக்யூரிட்டி ஒட்டிய சிவப்பு ஸ்டிக்கர்.

“அத்தப் பிச்சா கேட்ல வுட மாட்டாங்க மேடம்” என்றேன். கையைவிட ஸ்டிக்கருக்குத்தான் பயந்தேன்.

அவரும் பயந்திருக்க வேண்டும். என் கையை விரலாலேயே போனில் வரைந்து, நாலு புள்ளி வைத்து அனுப்பினார்.

“சாதாரண அலர்ஜிதான், களிம்பு போதும்” என்று பதில் வந்தது.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வருகிறேன். தடிப்பு முழங்கையைத் தாண்டிவிட்டது. களிம்பு பையில் இருக்கிறது. ஆனால் அது அந்தப் படத்துக்குச் சொன்ன மருந்து.

என் கைக்குப் போடலாமா, யாராவது சொல்லுங்கள்.